மெயில் மெர்ஜில் பெயர்கள் காணாமல் போனால்

வேர்டில் மெயில் மெர்ஜ் (ஒரே கடிதத்தைப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தயாரிக்கும் வசதி) செய்யும்போது, சிலரை மட்டும் தேர்ந்தெடுக்க ஃபில்டர் போட்டதும் ஒரு பெயர்கூட வரவில்லையா? முதலில் ஃபில்டரில் இருக்கும் 'அண்ட்' (And, எல்லா நிபந்தனையும் பொருந்த வேண்டும்), 'ஆர்' (Or, ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்) இரண்டையும் பாருங்கள். ஒரே நெடுவரிசையில் இரண்டு மதிப்புகளைக் கேட்டு நடுவில் 'அண்ட்' விட்டால், ஒரே கட்டத்தில் இரண்டும் இருக்க முடியாதே, அதனால் எதுவும் வராது. அங்கே 'ஆர்' வேண்டும். வேர்ட் தானாகவே 'அண்ட்' போட்டுவிடும் என்பதால் இந்தத் தவறு எல்லாருக்கும் நடக்கும்.

அப்புறம், பட்டியல் எக்செல் கோப்பில் இருந்தால், எண்ணும் எழுத்தும் கலந்த நெடுவரிசையைப் பாருங்கள். பொதுவாக முதல் 8 வரிசைகளைப் பார்த்துத்தான் அது எண்ணா எழுத்தா என்று முடிவாகிறது, அவை எல்லாம் எண்ணாக இருந்தால் கீழே வரும் 'அ12' மாதிரியானவை காலியாகவோ பூஜ்யமாகவோ வரும். எழுத்துள்ள வரிசைகளை மேலே நகர்த்தி, சேமித்து மூடிவிட்டு, கோப்பை வேர்டில் மறுபடி இணைத்துவிடுங்கள்.