டேபிள் சா வாங்கப் போகிறீர்களா? முதலில் ஃபென்ஸைப் பாருங்கள்

வீட்டு மரவேலைக்கு டேபிள் சா (மேசை நடுவே வட்ட பிளேடு மேலே நீட்டிச் சுற்ற, பலகையை அதை நோக்கித் தள்ளி அறுக்கும் மெஷின்) வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். 10 அங்குல பிளேடு போடும் சிறிய ரகங்கள் பெரும்பாலும் 1500 முதல் 2000 வாட்ஸுக்குள் அடங்கிவிடும். பிளைவுட்டுக்கும் ஓரங்குலத் தேக்குப் பலகைக்கும் அது தாராளம். இருநூறு வாட்ஸ் கூட இருப்பதால் வெட்டு நேராக வந்துவிடாது. அதற்கு ஃபென்ஸ் நன்றாக இருக்க வேண்டும்.

பலகை ஒட்டி நகர்கிற பக்கத் தடுப்புதான் ஃபென்ஸ். அதைப் பூட்டிவிட்டு, பின்முனையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசைந்தால் அந்த மெஷின் வேண்டாம். அப்புறம் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடில் ஒரு பல்லுக்குப் பென்சிலால் குறி வையுங்கள். அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது ஃபென்ஸுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். பின்னால் தூரம் குறைந்தால் பலகை இடுக்கில் மாட்டும், விளிம்பு கருகும். திருகை நெகிழ்த்திச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று கடைக்காரரையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

இடுக்கில் மாட்டுவது சின்ன விஷயம் இல்லை. நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் 10 அங்குல பிளேடின் பல் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பின்பக்கம் பற்கள் மேல்நோக்கி வரும். பலகை அதில் சிக்கினால் தூக்கி, நிற்கிறவர் மேலேயே எறிந்துவிடும். கிக்பேக் என்பது இதுதான். அதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்ற தகடு இருக்கிறது. பிளேடை ஏற்றி இறக்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். பல இடங்களில் கழற்றி எங்கேயோ போட்டிருப்பார்கள்.

இந்தத் தகடு இல்லாததுதான், கை சர்குலர் சாவை (கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பம்) கவிழ்த்துப் பலகைக்கு அடியில் மாட்டி டேபிள் சா மாதிரி ஆக்குவதில் உள்ள பெரிய ஆபத்து. செலவு மிச்சம் என்று நம் ஊரில் நிறையப் பேர் செய்கிறார்கள். சுவிட்சையும் அழுத்தியபடியே கட்டி வைத்துவிடுவதால், அவசரத்துக்குக் கை எட்டுவதில்லை. மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பிளேடு போடுவது இன்னும் மோசம். அதன் வேகம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும். பணம் சேரும்வரை காத்திருங்கள், இதை மட்டும் செய்யாதீர்கள்.

இன்னொரு தவறு, முழு பிளைவுட் ஷீட்டையும் இதிலேயே அறுக்கலாம் என்று நினைப்பது. 8க்கு 4 ஷீட் 18 மி.மீ. கனத்தில் முப்பது கிலோவைத் தொடும். சின்ன மேசையில் அதைத் தனியாளாகத் தள்ளினால் மெஷினே சாயும். எட்டடி நீளம் அறுக்க, பிளேடுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி இடமும் வேண்டும். ஷீட்டைத் தரையில் வைத்து, நேர்க்கட்டை பிடித்து, கை சர்குலர் சாவால் துண்டாக்கிவிட்டு, சரியான அளவுக்கு மட்டும் டேபிள் சாவுக்குக் கொண்டுவாருங்கள். ஃபென்ஸ் 600 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் நகர்ந்தால் போதும், ஷீட்டில் பாதி அகலம் கிடைத்துவிடும்.

மின்சாரத்துக்கு எர்த்தோடு கூடிய 16 ஆம்ப் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினால் வயர் சூடாகும், மோட்டார் திணறும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் மெஷினை அப்படியே நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது.

கையிருப்பு முழுவதையும் மெஷினிலேயே போட்டுவிடாமல் நல்ல பிளேடுக்கும் எடுத்து வையுங்கள். கூட வருவது பெரும்பாலும் குறைந்த பல் உள்ளது. பிளைவுட்டின் மேல் தோல் பிய்யாமல் இருக்க 60 பல் அல்லது அதற்கு மேல் வேண்டும். நடு ஓட்டை 30 மி.மீ.யா 25.4 மி.மீ.யா என்று பார்த்து வாங்குங்கள். அந்த பிளேடு போடும் வெட்டு ரைவிங் நைஃபின் கனத்தைவிட அகலமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். குறுகலாக இருந்தால் பலகை பாதியில் அந்தத் தகட்டில் முட்டி நின்றுவிடும்.