'துணி' என்று ஒரே வரியில் எழுதினால் வேலை தீராது

காலையில் எழும்போதே நேற்றைய வேலை பாக்கி. இரவு படுக்கும்போது இன்றையதும் அதோடு சேர்ந்துகொள்ளும். எதையும் முழுசாக முடித்த நினைவே இருக்காது.

முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்தேன். இரண்டாம் நாளே மனசு அந்தப் பத்தைக் கழித்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. விடிகாலை நாலரைக்கு எழுந்தால் மதியம் கண் சொக்கியது. செல்போன் செயலி பாக்கிகளைச் சிவப்பில் காட்டிப் பயமுறுத்தியதுதான் மிச்சம்.

கைகொடுத்தது தினசரி காலண்டர். கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வேலையும் தொடங்கிய மணி, முடிந்த மணி இரண்டையும் குறித்தேன். அங்கேதான் பிடிபட்டது. பட்டியலில் 'துணி' என்று ஒரே வரி. ஆனால் மெஷினில் போடுவது, காயப்போடுவது, மடிப்பது, இஸ்திரிக்குக் கொடுப்பது என்று அது நாலு வேலை. மூன்றை முடித்தாலும் வரியை அடிக்க முடியாது! வேலை நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது, கணக்கில் ஏறவில்லை. (நாலு வேலையை ஒன்றாக எண்ணினால் ஆகும் நேரமும் குறைவாகத்தான் தோன்றும். நேரத்தைக் குறைத்தே மதிப்பிடும் இந்தப் புத்தியைப் பற்றி 1979-லேயே கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.)

இப்போது ஒரே மூச்சில் முடிவது மட்டும்தான் ஒரு வரி. எடுத்துவைக்கிற, ஒழித்துவைக்கிற நேரத்தையும் சேர்த்தே மணி போடுகிறேன். தாளில் இடம் தீர்ந்தால் மீதி நாளைய தாளுக்கு. முன்பக்க ராசிபலனைப் படிக்காமல் திருப்புவதுதான் கொஞ்சம் கஷ்டம்.