மேடை இரைச்சலில் சாக்ஸபோன் ஊதுவது எப்படி

பத்தொன்பது வருடமாக டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறேன். அதில் முதல் எட்டு வருடம் கீழுதட்டின் உள்பக்கத்தில் ஆறாத புண்ணோடுதான் வாசித்தேன். ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) சரியில்லை, மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) சரியில்லை, மூச்சு போதவில்லை என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டுப் பார்த்தேன். ஒரு கச்சேரியின் ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. முதல் பாட்டில் சுதி சுத்தம். மூன்றாவது பாட்டில் ட்ரம்ஸும் இரண்டு கிட்டார்களும் சேர்ந்து எகிறுகின்றன. அந்த இடத்தில் நான் ஒரு நூல் மேலே ஏறியவன், கடைசிவரை இறங்கவே இல்லை. தனியறையில் வாசிக்கும்போது இந்தக் கோளாறு கிடையாது. அதே உதடு, அதே ரீட். மேடையில் என் சத்தம் என் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இரைச்சலுக்கு நடுவே பேசுகிறவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். இதை 1911இல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஊதுகிறவர்களுக்கும் அதே கதைதான், தொண்டைக்குப் பதில் உதடு மாட்டிக்கொள்கிறது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே ஊதுகிறவனுக்கே கேட்பதில்லை.

இதன் விளைவு கருவிக்குக் கருவி மாறும். சாக்ஸபோன்காரர் தாடையை இறுக்கி ரீட்டைக் கடிப்பார். சுதி ஏறும், ஓசை ஒல்லியாகும். புல்லாங்குழலில் காற்றை வேகமாக அடித்தாலே சுதி மேலே போகும். கிளாரினெட்டோ நேர்மாறு, பலமாக ஊதினால் இறங்கும். அதனால் சத்தமான மேடையில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஒரே மெட்டை வாசித்தால், இருவரும் நல்ல கலைஞர்களாகவே இருந்தாலும் ஆளுக்கொரு பக்கம் விலகுவார்கள். டிரம்பெட்காரர் மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்துவார். உதட்டில் ரத்த ஓட்டம் குறைந்து, முதலில் மேல் ஸ்தாயி கைவிட்டுப் போகும்.

நீங்கள் மிகையாக ஊதுகிறீர்களா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அமைதியான அறையில், இயல்பான பலத்தில், நடு ஸ்தாயி ஜி ஸ்வரத்தை ஒரே மூச்சில் நீட்டிப் பாருங்கள். எனக்கு இருபது விநாடி வரும். கச்சேரிக்கு முன் நடக்கும் ஒலிச் சோதனையான சவுண்ட்செக்கில் முழு பேண்டும் வாசிக்கும்போது அதே ஸ்வரத்தை நீட்டுவேன். பன்னிரண்டு விநாடியில் மூச்சு தீர்ந்தால், எங்கோ சத்தம் அதிகம், நான் அதோடு மல்லுக்கட்டுகிறேன் என்று அர்த்தம்.

சரி, அந்தச் சத்தத்தை என்ன செய்வது? முதலில் நிற்கிற இடத்தை மாற்றுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். சுவர் சூழ்ந்த மேடையில் அவ்வளவு குறையாது, ஆனாலும் சிம்பலுக்கு ஒரு மீட்டரில் நிற்பதும் இரண்டு மீட்டரில் நிற்பதும் ஒன்றல்ல. சிம்பலின் உயரத்தில் உங்கள் காது நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிட்டார் ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி. "சத்தத்தைக் குறை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; நட்பு போய்விடும், சத்தம் போகாது. தரையில் இருக்கும் ஆம்ப் கிட்டார்காரரின் முழங்காலைப் பார்த்து முழங்கும். அவருக்குக் கேட்காது, அதனால் கூட்டுவார். அதைச் சாய்த்து அவர் முகத்தைப் பார்க்க வையுங்கள். இரண்டாவது பாட்டுக்குள் அவரே குறைப்பார். நான் கற்றதிலேயே பைசா செலவில்லாத, பலிக்கிற தந்திரம் இதுதான்.

மானிட்டர் என்பது வாசிப்பவருக்கே கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர். அதற்காக சவுண்ட் எஞ்சினியரிடம் எல்லோரும் கேட்பது "என்னைக் கூட்டுங்கள்". ஐந்து பேர் கூட்டினால் மறுபடி பழைய கதைதான், கூடவே மானிட்டர் ஓசை மறுபடி மைக்கில் நுழைந்து ஃபீட்பேக் கூவும். உங்கள் ஸ்பீக்கரிலிருந்து எதை எடுத்துவிடலாம் என்று யோசியுங்கள். எனக்கு பேஸும் கிக் டிரம்மும் வேண்டாம், அவை மேடை முழுக்க இருக்கின்றன. கீழ்ச்சுருதி ஓசை பலமாக இருந்தால் அதற்கு மேலுள்ளவற்றை விழுங்கிவிடும். பாடகரும் கீபோர்டும் நானும் இருந்தால் போதும்.

மானிட்டரை வைக்கும் இடமும் மைக்கைப் பொறுத்தது. எஸ்எம்58 போன்ற, முன்பக்க ஓசையையே அதிகம் வாங்கும் கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்பக்கம் காது மந்தம், மானிட்டர் அங்கேதான் இருக்க வேண்டும். இன்னும் குறுகலாக வாங்கும் சூப்பர்கார்டியாய்ட் என்றால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். பின்பக்கத்தில் இரு ஓரமாகத் தள்ளி வையுங்கள். மைக்கை சாக்ஸபோனின் விரிந்த வாய்க்குள் திணிக்காதீர்கள். ஓசை துளைகளிலிருந்தும் வருகிறது. ஒரு சாண் தள்ளி, வாய்க்கும் சாவிகளுக்கும் நடுவே குறிவையுங்கள். ரொம்ப இரைச்சலான மேடையில் இந்த அழகெல்லாம் செல்லாது, நெருங்கித்தான் ஆக வேண்டும். ஆடி அசைந்து வாசிப்பவர் என்றால் கிளிப் மைக் வாங்கிவிடுங்கள்.

சவுண்ட்செக்கில் கச்சேரியில் ஊதுகிற அதே பலத்தில் ஊதுங்கள். அங்கே பூனையாக இருந்துவிட்டு மேடையில் புலியானால், சவுண்ட் எஞ்சினியர் உங்களைக் குறைப்பார். நீங்கள் இன்னும் ஊதுவீர்கள்.

இயர்பிளக் விஷயத்தில் நான் ரொம்ப நாள் முரண்டு பிடித்தேன். ஒரு கச்சேரிக்குப் பிறகு மூன்று நாள் காதில் ரீங்காரம் ஓயவில்லை, அப்புறம்தான் புத்தி வந்தது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் 15 நிமிடம்தான். சிம்பல் பக்கத்தில் நின்றால் 15 நிமிடம் மூன்று பாட்டுக்குக் காணாது. பஞ்சு பிளக் மேல் ஓசைகளை அதிகமாக விழுங்கி எல்லாவற்றையும் மந்தமாக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று வரும் ஃபில்டர் பிளக் எல்லா ஓசையையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். 9, 15, 25 டெசிபல் ஃபில்டர்கள் கிடைக்கின்றன. எனக்கு 15 சரி.

ஆனால் ரீட் வாத்தியக்காரருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. மேல்பல் மவுத்பீஸில் படிவதால் அதிர்வு மண்டையோடு வழியாகக் காதுக்குப் போகிறது. காதை அடைத்தால் அது பெருகும். விரலால் காதைப் பொத்திக்கொண்டு முனகிப் பாருங்கள், தெரியும். முதல் நாள் தலைக்குள் வண்டு புகுந்ததுபோல இருந்தது. பிளக்கை ஆழமாகச் செருகினால் குறையும். மூன்று வாரம் வீட்டுப் பயிற்சியிலும் போட்டுக்கொண்டு பழகினேன். இப்போது அந்த வண்டுதான் எனக்குத் துணை: நான் எனக்குக் கேட்பதால் கடிப்பதில்லை. இன்-இயர் (காதுக்குள் செருகும் மானிட்டர்) பயன்படுத்துபவர்கள் ஒரு காதைக் கழற்றிவிட்டு வாசிக்காதீர்கள். கழற்றிய காதில் மேடை இரையும், மற்றதில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

எல்லாம் செய்தும் ஒன்றும் கேட்காத இரவுகள் வரும். அப்போது காதை விட்டுவிட்டு உடம்பை நம்புங்கள். தாடையைத் தளர்த்தி, அறையில் ஊதிய அதே பலத்தில் நில்லுங்கள். ஸ்வரங்களைக் குறைத்து இடைவெளி விடுங்கள். அதிர்வை உணரும் கிளிப் ட்யூனரை சாக்ஸபோனின் வாய் விளிம்பில் மாட்டினால் இரைச்சலிலும் சுதி காட்டும். தயவுசெய்து கனமான ரீட்டுக்குத் தாவாதீர்கள், நான் தாவினேன், புண்தான் பெரிதானது.

இப்போதும் கச்சேரியைப் போனில் பதிந்து, முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்பேன். போன மாதம் கடைசிப் பாட்டில் சுதி ஒரு நூல் ஏறியிருந்தது. அன்றைக்கு இயர்பிளக் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.