கடலைப் பார்த்த மேஜை, அல்பேனியச் சாப்பாடு: பலரும் செய்யும் தவறுகள்

அல்பேனியாவின் தெற்கே, வ்லோராவிலிருந்து ஹிமாரா வழியாகச் சரண்டா வரை, கடலை ஒட்டி மேஜை போட்ட உணவகங்களுக்குக் குறைவில்லை. மேலே கொடிப் பந்தல், கீழே அலை. சரண்டாவில் என்றால் எதிரே கிரீஸின் கோர்ஃபு தீவும் தெரியும். இவ்வளவு இருந்தும் சுமாரான சாப்பாட்டோடும் எதிர்பாராத பில்லோடும் எழுந்து வருகிறவர்கள் நிறையப் பேர். பாதிக் காரணம் அவசரம். மீதி, எந்த இடத்தில் எதைக் கேட்பது என்று தெரியாதது.

முதலில் நேரம். ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டு மணி ஆகிவிடும். நம் பழக்கத்தில் ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தால், மேற்குப் பார்த்த மேஜையில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். ஊர்க்காரர்கள் வெயில் தாழ்ந்ததும் குடும்பத்தோடு கடற்கரைச் சாலையில் நடப்பார்கள். 'ஜிரோ' என்பார்கள். நடந்து முடித்த பிறகுதான் சாப்பாடு. எட்டரை, ஒன்பது என்றால் சரியாக இருக்கும். முன்வரிசை மேஜை வேண்டுமென்றால் காலையிலேயே நேரில் போய்ச் சொல்லி வைப்பது நல்லது. ஆகஸ்டில் வெளிநாட்டில் வேலை செய்யும் அல்பேனியர்கள் எல்லோரும் ஊருக்கு வந்துவிடுவார்கள். கொசோவோவிலிருந்தும் கூட்டம் வரும். முடிந்தால் ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள்.

அடுத்தது, 'பாரம்பரிய உணவு' என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரையில் எல்லாவற்றையும் தேடுவது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது தாவே கோசி. ஆட்டுக்கறியின் மேல் தயிரும் முட்டையும் அடித்து ஊற்றி, சட்டியோடு அடுப்பில் வைத்துச் சுடுவது. அது எல்பசான் நகரத்தின் பண்டம். கடலிலிருந்து தள்ளி, நாட்டின் நடுவில் இருக்கும் ஊர். அடுப்பிலிருந்து வந்த சூட்டில் மேலே பொன்னிறமாக உப்பிக்கொண்டு இருக்கும். நேரம் ஆக ஆக அமுங்கிப்போகும். கடலோரத்தில் கேட்டாலும் கிடைக்கும்தான், ஆனால் காலையில் செய்ததைச் சூடு பண்ணிக் கொடுக்கவே வாய்ப்பு அதிகம். கோரான் என்ற மீனும் அப்படித்தான். அது கடல் மீனே இல்லை, ஓஹ்ரித் ஏரியில் வாழ்வது. மெல்லிய மாவுக்குள் சீஸோ கறியோ காயோ வைத்துச் சுடும் பியூரெக்கைக் காலையில் அதற்கென்றே இருக்கும் சின்னக் கடைகளில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும்.

கடலோரத்தில் கேட்க வேண்டியது வேறு. கிசாமில் கிராமம் ஒரு பக்கம் அயோனியன் கடலுக்கும் மறுபக்கம் புட்ரிண்ட் காயலுக்கும் நடுவே இருக்கிறது. அந்தக் காயலில் சிப்பி வளர்க்கிறார்கள். 'மிதியே' என்று கேட்டால் பூண்டும் வெள்ளை ஒயினும் சேர்த்து ஆவியில் திறந்த சிப்பி, சட்டியோடு வரும். முதல் சிப்பியின் கூட்டையே இடுக்கியாகப் பிடித்து மற்றச் சிப்பிகளிலிருந்து சதையை எடுத்துச் சாப்பிடலாம்; முள்கரண்டியை விட வேகமாக வேலை நடக்கும். அடியில் நிற்கும் சாற்றை ரொட்டியால் தொட்டுக்கொள்ளாமல் சட்டியைத் திருப்பி அனுப்புவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், பாவம் என்றே சொல்வேன். தக்காளியும் சீஸும் கொட்டிச் செய்வதும் உண்டு. என் கணக்கில் அதில் சிப்பியின் ருசி அடங்கிப்போகிறது.

பணம் கையை மீறிப் போவது மீனில்தான். பட்டியலில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு மீனுக்கு இல்லை, ஒரு கிலோவுக்கு. எடை போடுவது சமைப்பதற்கு முன், தலை, முள் எல்லாம் சேர்த்து. கிலோ 4,000 லெக் (அல்பேனியப் பணம்) என்று வைத்துக்கொள்வோம். 600 கிராம் மீன் வந்தால் 2,400. இரண்டு பேருக்கு என்று சொல்லிவிட்டு நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒன்றே கால் கிலோவில் ஒன்று சுட்டு வந்து நிற்கும். ஆகவே எழுந்து போய்ப் பனிக்கட்டியில் அடுக்கியிருப்பதைப் பாருங்கள். கண் துருத்தித் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று மீன் சந்தையில் பார்ப்பதை எல்லாம் இங்கேயும் பார்க்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தராசில் வைக்கச் சொல்லி, தொகையைக் கேட்டுவிட்டுத் தலையசையுங்கள். லெவ்ரெக், கோசே என்ற மீன்கள் இரண்டும் எங்கும் கிடைக்கும்; இவை பண்ணையிலும் வளர்க்கப்படுபவை. எல்லாம் ஒரே அளவில், தட்டுக்கு ஒன்று என்று அளந்தது போல இருந்தால் பண்ணை மீன் என்று எடுத்துக்கொள்ளலாம். அது கெட்டது இல்லை, கடலில் பிடித்த மீனின் விலையைக் கொடுக்காமல் இருந்தால் சரி.

தலையசைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே பழைய வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்'. நம் ஆட்களுக்கு இது ஒருவிதத்தில் சுலபம். ஆனால் இளையவர்கள் பலர் மற்ற ஐரோப்பியர்கள் மாதிரியே ஆட்டுவார்கள். வாயால் சொல்லிவிடுங்கள்: 'போ' என்றால் ஆமாம், 'யோ' என்றால் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள். சமையலறையில் எது முதலில் தயாரோ அது முதலில் வரும். மேஜை நிரம்பி, மீன் ஆறிப்போகும். வெள்ளைச் சீஸ் போட்ட கிராமத்துச் சாலட், சுட்ட குடைமிளகாய், ஆக்டோபஸ் சாலட் என்று இரண்டு மூன்றை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, அப்புறம் மீனுக்குச் சொல்லலாம். தயிரில் வெள்ளரிக்காயும் பூண்டும் போட்ட தாராதோர், நம் வெள்ளரிப் பச்சடிக்குப் பூண்டு சேர்த்தது மாதிரியே இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. 'பா மிஷ், பா பெஷ்க்' என்று சொல்லுங்கள்: கறி வேண்டாம், மீன் வேண்டாம். ஃபெர்கெஸ என்ற குடைமிளகாய், தக்காளி, தயிர்ச் சீஸ் கலவை பெரும்பாலும் சைவம்தான், ஆனால் ஈரல் சேர்த்துச் செய்வதும் உண்டு. அடைத்த குடைமிளகாயில் சோறும் இருக்கலாம், கொத்துக்கறியும் இருக்கலாம். சோறு எதில் வெந்தது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். புதினாவும் முட்டையும் சேர்த்த சிஃப்சி என்ற சோற்று உருண்டை ஜிரோகாஸ்தரின் சிறப்பு. முட்டை சாப்பிடுகிறவர்கள் அதற்காகவே மலையேறி அந்த ஊருக்குப் போகலாம்.

ராக்கி பற்றி ஒன்றே ஒன்று. திராட்சையில் வடித்த கடுஞ்சாராயம் அது. 'கெசுவார்' என்று கிளாஸை இடித்துவிட்டு ஒரே மடக்கில் கவிழ்ப்பவர் வெளியூர்க்காரர். ஊர்க்காரர்கள் சீஸையும் ஆலிவ் காயையும் கடித்துக்கொண்டு ஒரு சின்னக் கிளாஸை ஒரு மணி நேரம் வைத்திருப்பார்கள். திரும்பும் சாலை முழுக்க வளைவு. வண்டி ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம்.

கடைசியில் பில். நீங்கள் கேட்காமல் வராது. மறந்துவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம், கேட்காமல் கொண்டுவந்து வைப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. வாயால் தொகை சொன்னால் கவனம்: 1965-ல் பத்து பழைய லெக்கை ஒரு புதிய லெக்காக மாற்றினார்கள், ஆனாலும் இன்றுவரை பலர் பேச்சில் பழைய கணக்கையே சொல்கிறார்கள். 'இருபதாயிரம்' என்பது 2,000 லெக்காக இருக்கும். ஏமாற்றுவதாக நினைத்துச் சண்டைக்குப் போகவும் வேண்டாம், கேட்டதையெல்லாம் எண்ணி வைக்கவும் வேண்டாம். எழுதிக் காட்டச் சொல்லுங்கள். யூரோவையும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் போடும் மாற்று விகிதத்தில். கார்டு எடுக்காத இடங்களும் இருக்கின்றன. உட்காருவதற்கு முன்பே கேட்டுக்கொண்டு, கையில் லெக்காகவே வைத்திருங்கள்.