"ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லாமல் நாயை வாக்கிங் கூட்டிப்போவது எப்படி?

எங்கள் வீட்டுச் சிட்டு ஒரு சிப்பிப்பாறை இன வேட்டைநாய். அகன்ற நெஞ்சு, ஒட்டிய வயிறு, கழுத்தைவிட ஒடுங்கிய தலை. நாங்கள் இருப்பது தென்சென்னைப் புறநகரில், தெருவுக்கு ஒரு நாய்க்கூட்டம் காவல் இருக்கும் பகுதி. அங்கே அவளை நடத்திப் பழக்கியதில் எது உதவியதோ அதை மட்டும் எழுதுகிறேன். "உட்கார், நில்" பயிற்சி, சாப்பாடு இதெல்லாம் இங்கே வராது. குட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை: பார்வோ (குட்டிகளைத் தாக்கும் கடும் வயிற்றுப்போக்கு நோய்) உள்ளிட்டவற்றுக்கான முதல் சுற்றுத் தடுப்பூசிகள் முடிந்து டாக்டர் சரி சொல்லும்வரை தெருவில் இறக்காதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

படி 1: கழுத்தில் என்ன, கையில் என்ன

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது இரும்புச் செயின். வேண்டாம். கனம் அதிகம், நாய் திடீரென்று பாய்ந்தால் உள்ளங்கை கிழியும். பட்டனை அமுக்கினால் நீளும் கயிறு இருக்கிறதே, அது அதைவிட மோசம். ஐந்து மீட்டர் தள்ளிப் போன நாயைப் பின்னால் பைக் வரும்போது எப்படி இழுப்பீர்கள்? ஐந்தாறு அடி நீளத்தில் பட்டையான நைலான் கயிறு போதும். கைப்பிடியைக் கட்டைவிரலில் மாட்டிக் கையை மூடிப் பிடியுங்கள். கயிற்றை விரலிலும் மணிக்கட்டிலும் சுற்றிக்கொள்ள வேண்டாம்.

கழுத்துப் பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு. லாப்ரடாருக்கு அது சரி. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டைநாய்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. தலை சிறுத்திருப்பதால், நாய் உங்களைப் பார்த்தபடி காதை மடக்கிப் பின்வாங்கினால் பெல்ட் அப்படியே கழன்று உங்கள் கையில் நிற்கும், நாய் ரோட்டில் நிற்கும். இவற்றுக்கு மார்ட்டிங்கேல் பெல்ட்தான் சரி. பெரிய வளையம் ஒன்று, அதோடு சின்ன வளையம் ஒன்று. இழுத்தால் ஓரளவு இறுகும், அதற்கு மேல் இறுகாது. சரியாக அளவு வைத்திருந்தால் இறுகிய நிலையில் இரண்டு இரும்பு வளையங்களும் நெருங்கி வரும், ஆனால் முட்டிக்கொள்ளாது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள், கேட் கம்பியில் மாட்டினால் ஆபத்து.

வாங்கியதும் வீட்டுக்குள் சோதித்துப் பாருங்கள். கதவைச் சாத்துங்கள், நாயை உங்களைப் பார்த்து நிற்க வையுங்கள், கயிற்றை மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். அது பின்வாங்கும். பெல்ட் காதைத் தாண்டி வருகிறதா? வந்தால் ஓட்டையைக் குறையுங்கள். நெஞ்சோடு மாட்டுகிற ஹார்னஸ் என்றாலும் இதே சோதனைதான். பின்வாங்கினால் அதுவும் கழலும். பயந்த சுபாவமுள்ள நாய்க்கு நான் இரண்டும் போடுவேன், கயிற்றை இரண்டிலும் மாட்டுவேன். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

படி 2: நேரம்

காலை ஆறுக்கு முன்னால், இல்லையென்றால் இருட்டிய பிறகு. வெயில் சாய்ந்துவிட்டதே என்று ஐந்து மணிக்குக் கிளம்பாதீர்கள், தார் ரோடு அப்போதும் கொதிக்கும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் தாங்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்குக் கத்திரி வெயிலில் கால் மணி நேர நடையே போதும். நாக்கு முழுக்கத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் காலிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றுங்கள், பிறகு நேராக டாக்டரிடம்.

படி 3: தெருநாய்கள்

பலர் வாக்கிங்கையே விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நாயை வீட்டில் விட்டுவிட்டு, நீங்கள் போகப்போகிற அதே நேரத்தில் ஒருமுறை தனியாக நடந்து பாருங்கள். எந்தத் தெருவில் எத்தனை நாய், எது படுத்தே கிடக்கிறது, எது எழுந்து வருகிறது, கறிக்கடை எங்கே, குப்பைத்தொட்டி எங்கே. ஒரு கூட்டத்தின் எல்லை பெரும்பாலும் தெருமுனையோடு முடியும். அந்த முனையில்தான் குரைப்பு அதிகம். மார்கழி, தை மாதங்களில் குட்டி போட்ட தாய் எந்த வண்டிக்கு அடியில் இருக்கிறாள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். காதில் வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது, அப்போதே வெறிநோய் ஊசியும் போட்டிருப்பார்கள். ஆனால் ஊசி இந்த வருடம் போட்டதா என்பதை காது சொல்லாது.

எதிரே நாய் தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். கயிறு விறைத்தால் உங்கள் நாயின் நெஞ்சு நிமிர்கிறது, முன்னங்கால் எழும்புகிறது. எதிரில் நிற்கும் நாய்க்கு அது சண்டைக்கு வருவதுபோலத்தான் தெரியும். கயிற்றைக் குட்டையாக்குங்கள், ஆனால் தொய்வு இருக்கட்டும். உங்கள் நாயைச் சுவர்ப்பக்கம் மாற்றி, நீங்கள் நடுவில் வாருங்கள். நேராக நடக்காமல், ரோட்டின் மறுபக்கத்துக்கு வளைந்து போங்கள். தெருநாயின் கண்ணைப் பார்க்காதீர்கள், முதுகைக் காட்டி ஓடாதீர்கள். அது நெருங்கி வந்தால் நின்றுவிடுங்கள். நின்ற ஆளிடம் குரைத்துச் சலித்துப் போகிற நாய்களே அதிகம்.

கையில் குடை வைத்திருப்பேன். மழைக்கு இல்லை. முன்னால் சட்டென்று விரித்தால் பெரும்பாலான நாய்கள் நாலடி பின்வாங்கும், யாருக்கும் காயமில்லை. குச்சி எனக்குப் பிடிக்காது. ஓங்கினால் அடுத்த நாள் கூட்டம் பத்தடி தள்ளியிருக்கும்போதே குரைத்து உங்களை வரவேற்கும். குனிந்து கல் எடுப்பதுபோல் நடிப்பது ஊரறிந்த வித்தைதான், ஆனால் எதிர்க்கத் தெரிந்த நாயிடம் எடுபடாது. பிஸ்கட் போட்டுத் தப்பிக்கலாம், ஒரு தடவை. மறுநாள் முதல் அந்தக் கூட்டம் உங்களுக்காகவே காத்திருக்கும்.

சண்டை மூண்டுவிட்டால் கையை நடுவில் விடாதீர்கள். பக்கத்தில் தண்ணீர்க் குடமோ ஹோஸோ இருந்தால் ஊற்றச் சொல்லிக் கத்துங்கள். உங்களுக்குப் பல் பட்டால், கீறல்தான் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். நாய்க்குக் கடி பட்டால் ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 4: மனிதர்கள்

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம்: "ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா மோந்துதான் பாக்கும்." பயப்படுகிறவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அவர் கேட்பது விளக்கம் இல்லை, இடம். எதிரில் ஆள் வந்தால் ஓரமாக ஒதுங்கி, நாயைச் சுவர்ப்பக்கம் உட்கார வைத்து, "நீங்க போங்கம்மா" என்று சொல்லுங்கள். பள்ளிவாசல் இருக்கிற தெருவில் விடியற்காலைத் தொழுகைக்குப் போகிறவர்களின் உடையில் எச்சில் படாமல் தள்ளியே போங்கள். மாலை போட்டு வெறுங்காலோடு வருகிற ஐயப்ப பக்தர்களுக்கும் அப்படியே. குழந்தைகள் "தொடலாமா ஆன்ட்டி?" என்று கேட்டால், உங்கள் நாய் அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். "இன்னிக்கு வேணாம் கண்ணா" என்பதில் தப்பே இல்லை.

கோலம். காலையில் வாசல் தெளித்துப் போட்ட கோலத்தின் மேல் நாய் காலைத் தூக்கினால் அந்த வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார். வீட்டை விட்டு இறங்கியதும் மின்கம்பம், காலிமனை ஓரம் என்று ஓர் இடத்தில் முதலில் நிறுத்திப் பழக்குங்கள். கார் டயரும் துளசி மாடமும் பிறகு தப்பும்.

லிஃப்டில் வளர்ப்புநாயை ஏற்றக் கூடாது என்று குடியிருப்புச் சங்கம் தடை போட முடியாது என 2015-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சரி. ஆனாலும் உள்ளே ஒரு பாட்டி நின்றால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள். சென்னை மாநகராட்சியின் வளர்ப்புப் பிராணி உரிமத்தையும் வெறிநோய் ஊசிச் சான்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் தெருவில் வாக்குவாதம் சீக்கிரம் முடியும்.

படி 5: அள்ளுவது

பழைய செய்தித்தாள்தான் என் தேர்வு. நாய் குந்த ஆரம்பித்ததும் அரைத்தாளை அடியில் நீட்டுங்கள். கொஞ்சம் பழகினால் ரோட்டிலேயே படாது. மடித்து எடுத்துவந்து கழிவை வீட்டு டாய்லெட்டில் கொட்டி ஃப்ளஷ் செய்யுங்கள், தாளைக் குப்பையில் போடுங்கள். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரிபேக் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கிறது, அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. மண்தானே, மக்கிவிடும் என்று விடாதீர்கள். கொக்கிப்புழு முட்டை மண்ணில் பொரிந்து, வெறுங்காலோடு விளையாடுகிற பிள்ளையின் தோல் வழியாக ஏறும்.

வீடு திரும்பியதும் விரலிடுக்கு, காது மடல், வாலடி மூன்றிலும் உண்ணி தேடுங்கள். மழைக்காலத்துக்குப் பிறகு இதைத் தவறவிட்டால் நாய்க்கு உண்ணிக்காய்ச்சல்தான்.

பின்சேர்க்கை: மழைநாளில் கூட்டிப்போகலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தூறலில் போகலாம். தேங்கிய தண்ணீரில் வேண்டாம். எலி மூத்திரம் கலந்த நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) கிருமி இருக்கும், மின்கம்பத்தைச் சுற்றித் தேங்கிய நீரில் கரண்ட் கசியலாம். வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: தீபாவளி. பட்டாசுக்குக் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று அரசு நேரம் ஒதுக்கியிருந்தாலும் தெருப்பையன்கள் அந்த வாரம் முழுக்க வெடிப்பார்கள். அந்த நாட்களில் காலை ஐந்து மணிக்கு முன்னால் வீட்டு வாசலிலேயே ஒரு சின்னச் சுற்று, பெல்ட்டும் ஹார்னஸும் சேர்த்து. பெல்ட்டில் உங்கள் போன் நம்பர் பொறித்த தகடு ஒன்று தொங்கட்டும்.