இறுகிப்போன புகை அடுப்பைப் பிரிக்கும்போது செய்யக் கூடாதவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், துரை பங்களாவின் பின்கட்டில் பல வருஷம் மழை வாங்கிக் கிடந்த பார்பிகியூ அடுப்பு அது. படுக்கவைத்த பீப்பாய் மாதிரி ஒரு பெரிய அறை, பக்கத்தில் விறகுப் பெட்டி, மேலே புகைபோக்கி. பெசி புரோக், அதாவது பழைய இரும்பு வாங்கும் லாரியில் ஏறவிருந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். வந்த அன்றே ஸ்பேனரின் பிடியில் நீளக் குழாயைச் செருகி ஓர் இழு இழுத்தேன். பொசுக்கென்று வந்துவிட்டது. கழன்றது என்று சந்தோஷப்பட்டுப் பார்த்தால், நட்டோடு போல்ட்டின் பாதியும் கையில். முறிந்த இடம் மட்டும் புது வெள்ளிக்காசு போலப் பளபளத்தது. உள்ளே மாட்டிக்கொண்ட மீதியைத் துளை போட்டு எடுக்க ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர், ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, பிடிச்சிருக்கிறது துருவா, கீலா? அதப் பாத்தியா மொதல்ல?"

பார்க்கவில்லை. முதல் தவறே அதுதான். புகை அடுப்பு மற்ற இரும்புச் சாமான் மாதிரி இல்லை. இறைச்சிக் கொழுப்பும் புகைக்கரியும் சேர்ந்து தார் போல உறைந்து, மூடியையும் காற்றுத் தகட்டையும் ஒட்டிவிடும். தமிழில் தாருக்கும் கீல் என்று பெயர், கதவு திரும்புகிற கீலுக்கும் அதே பெயர்; என் அடுப்பில் இரண்டும் ஒன்றாகவே கிடந்தன. ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் உதிர்ந்தால் துரு. கருப்பாக, மினுமினுப்பாகச் சில்லு பெயர்ந்தால் கொழுப்புக் கீல். கீலுக்குச் சூடு காட்டினால் இளகும். சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறினால் விடும். துருவுக்கு இந்த இரண்டும் பத்தாது, எண்ணெய் வேண்டும். ஆள் தெரியாமல் அடித்தால் மூடி நெளியும், அவ்வளவுதான்.

துரு ஏன் இப்படி இறுக்குகிறது? இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு உப்பி ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஆப்பை நொறுக்க வேண்டும், அதற்குள் எண்ணெய் போக வேண்டும். முறுக்குவது கடைசி வேலை.

எண்ணெய் அடித்த ஐந்தாவது நிமிஷம் ஸ்பேனரை எடுப்பது அடுத்த தவறு. ராத்திரி ஊற விடுங்கள், மறுநாள் இன்னொரு முறை அடித்து மறுபடி ஊற விடுங்கள். எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஈரத்தை விலக்குவதற்காக 1953இல் உருவானது. 40 என்பது நாற்பதாவது முயற்சி என்பதைக் குறிக்கிறது. லேசான துருவுக்கு அது போதும். பல வருஷத் துருவுக்கு, ஹார்ட்வேர் கடையில் துரு இளக்கும் எண்ணெய் என்றே கேட்டு வாங்குங்கள்.

ஊறும்போது சும்மா இருக்க வேண்டாம். சின்னச் சுத்தியலால் போல்ட்டின் தலையிலும் நட்டின் பக்கங்களிலும் தட்டிக்கொண்டிருங்கள். அடி மேல் அடி வைத்தால்தான் அம்மி நகரும் என்றார்கள். ஒரே அடியில் நகரும் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு ஸ்பேனர் போடும்போது கழற்றும் பக்கம் திருப்பாதீர்கள், முதலில் இறுக்கும் பக்கம் மயிரளவு. துரு நொறுங்கும் 'கிறீச்' காதில் விழும். அப்புறம் முன்னும் பின்னுமாக. முனை மழுங்கிய நட்டுக்கு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் எமன். ஆறு மூலை சாக்கெட்டே போடுங்கள்.

சூடு காட்டுவதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். சுட வேண்டியது நட்டை, போல்ட்டை அல்ல. 10 மில்லிமீட்டர் எஃகு 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.036 மில்லிமீட்டர் விரியும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மரைக்கு நடுவே அதுவே பெரிய வாசல். போல்ட்டையும் சேர்த்துச் சுட்டால் இரண்டும் விரிந்து வாசல் அடைபடும். சூட்டோடு மெழுகுவத்தியை நட்டின் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். மெழுகு உருகி உள்ளே இழுபடுவது கண்ணுக்கே தெரியும். எனக்கு விறகுப் பெட்டியின் நான்கு போல்ட்டும் இப்படித்தான் வந்தன.

எண்ணெய் அடித்த இடத்தில் கேஸ் டார்ச் பிடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஒன்று எண்ணெய், இல்லை நெருப்பு. பிரேக் கிளீனர் போட்டுக் கழுவியிருந்தால் இன்னும் ஆபத்து: குளோரின் உள்ள வகை நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். துத்தநாகம் பூசிய போல்ட்டைப் பழுக்கக் காய்ச்சினால் அந்தப் புகை காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரும். வார்ப்பிரும்புக் கதவையும் தட்டியையும் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள், சூட்டில் இருக்கும்போது தண்ணீரும் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும்.

தோட்டப்புறத்தில் இன்னொரு ஆசை வரும்: ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் எங்கேயாவது ஒரு கேனில் மிச்சம் இருக்கும். துரு போகும், உண்மைதான். ஆனால் அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், அறையில் உள்ள மற்ற இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். சின்னச் சாமானுக்கு வினிகர் போதும். ஊறியதும் சமையல் சோடாத் தண்ணீரில் அலசி உடனே காயவைக்காவிட்டால், நம்ம ஊர்க் காற்றில் சாயங்காலத்துக்குள் மறுபடி மஞ்சள் பூக்கும்.

திரும்பப் பூட்டும்போது மூடியின் கீலுக்குச் சமையல் எண்ணெய் விடாதீர்கள். சூட்டில் அது பிசினாகிப் பழையபடி ஒட்டும். நான் தடிப் பென்சிலைச் சீவி, அந்தக் கிராஃபைட் தூளைத்தான் கீல் ஊசியில் பூசியிருக்கிறேன். சமையல் எண்ணெய் அறையின் உட்சுவருக்கு: மெல்லத் துடைத்து, இறைச்சி வைக்குமுன் சில மணி நேரம் வெறும் நெருப்பு போட்டு, பழைய எண்ணெய் வாடை எல்லாம் போகட்டும். சுட்டு முடித்த மறுநாள் சாம்பலை அள்ளிவிடுங்கள். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு விறகுப் பெட்டியின் அடித்தகட்டைத்தான் முதலில் தின்னும். என் அடுப்பில் அந்தத் தகட்டில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது.