டெல்டாவில் வளர்ந்த பையன் சிங்கப்பூர் தேசிய சேவைக்குப் போகுமுன்

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் இது பழகிப்போன குடும்ப ஏற்பாடு: அப்பா சிங்கப்பூரில், பையன் ஊரில் அப்பாயி வீட்டில். சின்ன வயதிலேயே பையனுக்கும் பி.ஆர். (நிரந்தரவாசத் தகுதி) எடுத்து வைத்திருப்பார்கள், சில வீடுகளில் பிறப்பிலேயே குடியுரிமை வந்திருக்கும். பள்ளிக்கூடம் மட்டும் இங்கே. "பதினெட்டு வயதில்தானே பட்டாளம், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்த விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டிய முதல் வயது 18 அல்ல, 13.

யாருக்குக் கட்டாயம்?

சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை நடைமுறையில் இருக்கிறது. ஆண் குடிமக்களும் ஆண் நிரந்தரவாசிகளும் இதில் அடக்கம். வேலைக்குப் போய், தன் தகுதியில் பி.ஆர். வாங்கிய அப்பாவுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. அப்பா மூலமாக பி.ஆர். பெற்ற மகனுக்கு விலக்கு இல்லை. "என்னையே கூப்பிடவில்லை, இவனை எங்கே கூப்பிடப் போகிறார்கள்" என்று அப்பாக்கள் சொல்வது இந்த வேறுபாடு தெரியாததால்தான். டிபெண்டன்ட் பாஸில் (அங்கே வேலை செய்பவரின் குடும்பத்தினருக்கான அனுமதியில்) போய்வரும் பையனுக்குக் கடமை இல்லை, பெண்பிள்ளைகளுக்கும் இல்லை.

முழுநேர சேவை 2 ஆண்டு. அதன்பின் 40 வயது வரை, அதிகாரி என்றால் 50 வரை, ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் திரும்ப அழைக்கலாம். தரைப்படையா, கடற்படையா, விமானப்படையா, போலீஸா, தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்பா என்பதை முடிவு செய்வது அரசு. பையன் விருப்பம் சொல்லலாம், அவ்வளவுதான்.

13 வயதில் செய்ய வேண்டியது

13 வயது ஆன பையன் சிங்கப்பூருக்கு வெளியே 3 மாதமோ அதற்கு மேலோ தங்கினால் எக்ஸிட் பர்மிட், அதாவது வெளியே தங்குவதற்கான அரசு அனுமதி, வேண்டும். தஞ்சாவூரில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருப்பதும் 'வெளியே தங்குவது'தான். ஓராண்டுப் பள்ளிப் படிப்பு 3 மாதத்தைத் தாண்டிவிடும் என்பதால் ஊரில் படிக்கும் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது. பெற்றோர் சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான மின்னடையாளக் கணக்கு) மூலம், தேசிய சேவைக்கான ஒன்என்எஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

2 ஆண்டோ அதற்கு மேலோ தங்கப் போகிறான் என்றால் பிணைத் தொகை கேட்பார்கள்: 75,000 சிங்கப்பூர் வெள்ளி, அல்லது அப்பா அம்மா இருவரின் முந்தைய ஆண்டு மொத்த வருமானத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. ரூபாயில் அரைக் கோடியை ஒட்டி வரும். இதை வங்கி உத்தரவாதமாகக் கொடுக்கலாம். ஆனால் வங்கி அதற்கு ஈடு கேட்கும், ஈட்டைத் தயார் செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். 13வது பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே வங்கியில் பேச ஆரம்பித்துவிடுங்கள். 16½ வயதுக்குப் பிறகு கெடுபிடி கூடும். 3 மாதப் பயணத்துக்கே பிணை கேட்பார்கள்.

பர்மிட் இல்லாமல் இருந்துவிட்டாலோ, கூப்பிட்டும் வராமல் போனாலோ, அது தேசிய சேவைக்கான என்லிஸ்ட்மென்ட் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஏற்கெனவே தவறிப்போன வீடுகள் செய்யக்கூடாத காரியம், பயந்துகொண்டு மேலும் தள்ளிப்போடுவது. எத்தனை வயதில் தானாக முன்வந்தான், எவ்வளவு காலம் வராமல் இருந்தான் என்பதெல்லாம் தண்டனையில் கணக்காகும்.

"பி.ஆரை விட்டுவிட்டால் போச்சு" என்று டீக்கடையில் யோசனை சொல்வார்கள். விடலாம். ஆனால் சேவை செய்யாமல் விட்டவன் பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பித்தால் அது எதிராக நிற்கும். அப்பாவின் மறுநுழைவு அனுமதிப் (பி.ஆர். உள்ளவர் வெளிநாடு போய்த் திரும்ப வேண்டிய அனுமதி) புதுப்பிப்பையும் அது பாதிக்கலாம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு இது.

16½ வயதில் பதிவு

பதிவு செய்யச் சொல்லும் அறிவிப்பு 16½ வயதில் வரும், சிங்கப்பூரில் பதிவாகியிருக்கும் முகவரிக்கு. அப்பா அறை மாறி அறை மாறித் தங்குபவர் என்றால் கடிதம் பழைய வாடகை வீட்டில் கிடக்கும். முகவரி, செல்போன் எண், மின்னஞ்சல் மூன்றையும் முன்கூட்டியே திருத்தி வையுங்கள். பையன் பெயரிலேயே சிங்பாஸ் வேண்டும். 15 வயதில் அடையாள அட்டைக்குப் பதிய வேண்டும் என்பதும் ஊரில் இருப்பவர்களுக்கு மறந்துபோகிற ஒன்று.

பெயர்ச் சிக்கல் நம் ஊருக்கே உரியது. பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, சிங்கப்பூர் அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல். நான்கும் நான்கு ஆளாகத் தெரியும். பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் அடிப்படை என்று வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்துங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன் பள்ளியில் சொல்லித் திருத்துவது எளிது. அச்சான பிறகு அலைச்சல்.

படிப்பு விஷயத்தில் பெரிய கண்ணி ஒன்று உண்டு. பிளஸ் டூ முடிக்கும் வரை ஒத்திவைப்பு கேட்கலாம்; கிடைக்கவும் செய்யும். பட்டப்படிப்புக்குக் கிடைக்காது. பையனை இன்ஜினீயரிங்கில் சேர்த்து, முதல் ஆண்டுக் கட்டணமும் விடுதிப் பணமும் கட்டிவிட்டு, "நாலு வருஷம் கழித்து வருகிறான்" என்று எழுதிப் போட்டால் மறுப்புதான் வரும். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்கள் சேவைக்குப் போகிறவனுக்கு இடத்தைப் பிடித்து வைக்கும். நம் ஊர்க் கல்லூரிகளிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். நீட், ஜேஇஇ எழுதுகிறவன் 2 ஆண்டு கழித்துத் திரும்ப எழுதுவதாகவே திட்டமிட வேண்டும்.

மருத்துவக் காகிதங்கள்

மருத்துவப் பரிசோதனை சிங்கப்பூரில் நடக்கும். ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, இசிஜி, கண், பல், உயரம், எடை எல்லாம் பார்ப்பார்கள். கணினியில் ஒரு அறிவுத்திறன் தேர்வும் உண்டு. ஏதாவது ஐயம் வந்தால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள். அதற்கு இன்னொரு தேதி. திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது என்பதற்காக இரண்டு நாளில் போய் வந்துவிடலாம் என்று டிக்கெட் போடாதீர்கள். குறைந்தது மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

முடிவு ஒரு தரமாக வரும். ஏ, பி1 என்றால் சண்டைப் பிரிவுகளுக்குத் தகுதி. சி, இ என்றால் பெரும்பாலும் அலுவலகம், கிடங்கு போன்ற வேலைகள். எஃப் என்றால் சேவைக்கே தகுதியில்லை.

சின்ன வயதில் வீசிங் இருந்தது, வலிப்பு வந்தது, எலும்பு முறிந்து பிளேட் வைத்தது எதையும் மறைக்கக் கூடாது. நல்ல தரம் கிடைக்கட்டும் என்று மூச்சிரைப்பை மறைத்தவன் பயிற்சியில் ஓடும்போது மாட்டிக்கொள்வான், அப்போது ஆபத்து உயிருக்கு. ஆதாரம் இல்லாமல் "இருந்தது" என்று வாயால் சொன்னாலும் எடுபடாது. நம் பக்கத்து கிளினிக்குகளில் பாதி வைத்தியம் துண்டுச்சீட்டில் முடிந்துவிடும். டாக்டரிடம் போய் லெட்டர்பேடில் ஆங்கிலத்தில் நோயின் பெயர், முதலில் வந்த தேதி, கடைசியாக வந்த தேதி, கொடுத்த மருந்தும் அளவும், அவருடைய பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையில் படுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டும்.

தடுப்பூசி அட்டையைத் தேடுங்கள். தொலைந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரின் பழைய பதிவேட்டில் கிடைக்க வாய்ப்புண்டு. சொத்தைப் பல்லை இங்கேயே அடைத்துவிடுங்கள். கண்ணாடி போடுகிறவன் ஒரே பவரில் இரண்டு கண்ணாடி எடுத்துப் போகட்டும். காட்டில் நடக்கும் பயிற்சியில் காண்டாக்ட் லென்ஸ் உதவாது.

உடம்பைத் தயார் செய்தல்

உடற்தேர்வில் மூன்றே பகுதி: 1 நிமிடத்தில் தண்டால், 1 நிமிடத்தில் சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 100 புள்ளி; அதில் 50 ஓட்டத்துக்கு மட்டுமே. 22 வயதுக்குக் கீழே முழுப் புள்ளி வேண்டுமானால் 60 தண்டால், 60 சிட்-அப், 8 நிமிடம் 30 வினாடி ஓட்டம். அவ்வளவு தேவையில்லை. ஏ அல்லது பி1 தரம் பெற்றவன் சேருமுன் 61 புள்ளி எடுத்துவிட்டால் சேவை 2 மாதம் குறைந்து 22 மாதமாகும். இரண்டு மாதத்தை ஊரில் ஓடியே சம்பாதிக்கலாம் என்றால் விடலாமா?

12 வாரம் ஒதுக்குங்கள். ஓடுவதற்கு 400 மீட்டர் தடம் சரி. தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் போல. 6 சுற்று என்றால் சரியாக 2.4 கிலோமீட்டர். முதல் 3 வாரம் 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, மாற்றி மாற்றி அரை மணி நேரம், வாரம் 4 நாள். அடுத்த 5 வாரம், ஒரு நாள் நிதானமாக 5 கிலோமீட்டர். ஒரு நாள் 400 மீட்டரை 2 நிமிடத்துக்குள் ஓடி, 2 நிமிடம் ஓய்வு, இப்படி 6 தடவை. கடைசி 4 வாரம் ஓய்வை 1 நிமிடமாகக் குறையுங்கள். 12 நிமிடத்தில் 6 சுற்று வந்தால் அடித்தளம் இருக்கிறது. அதிலிருந்து குறைத்துக்கொண்டே வர வேண்டியதுதான்.

தண்டாலில் எண்ணிக்கையைவிட முறைதான் முக்கியம். தேர்வில் எண்ணுவது கருவி. இடுப்பைத் தொங்கவிட்டு, பாதி இறங்கி எடுத்த முப்பதில் பத்துகூட ஏறாது. ஒரே மூச்சில் எத்தனை முடியுமோ அதில் பாதியை 5 தடவை, நாளுக்கு ஒரு முறை. சிட்-அப்பில் கை காதை விட்டு விலகினால் அது கணக்கில் வராது.

ஓடும் இடத்தில் கவனம் வேண்டும். வரப்பில் ஓடிக் கணுக்கால் பிசகினால் மூன்று வாரம் போய்விடும். தை மாதத்தில் தார்ச்சாலையில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் கால் வைத்தால் வழுக்கும், நெல்லுக்குச் சொந்தக்காரரின் வாயிலும் விழ வேண்டிவரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓட முடியாத நாட்களில் மாடிப்படி ஏறி இறங்கலாம். சித்திரை, வைகாசியில் காலை 5 மணிக்குத் தொடங்கி 6:30க்குள் முடித்துவிடுங்கள். நாகப்பட்டினம் பக்கத்துப் புழுக்கம் பழகியவனுக்குச் சிங்கப்பூர் வெயில் புதிதல்ல. ஆனால் அங்கே பூட்ஸும் நீளக்கைச் சட்டையும் சுமையும் சேரும்.

பலரும் கவனிக்காதது பாதம். இங்கே பையன்கள் செருப்பிலேயே வளர்கிறார்கள். திடீரென்று நாள் முழுக்க பூட்ஸ் போட்டால் முதல் வாரமே கொப்புளம். மூன்று மாதம் முன்பிருந்து தடித்த சாக்ஸும் ஷூவும் தினம் 4 மணி நேரமாவது போடட்டும். சுமைக்கு, முதுகுப்பையில் 5 கிலோ அரிசியை இறுக்கிக் கட்டி 4 கிலோமீட்டர் நடந்து பழகி, இரண்டு மாதத்தில் 10 கிலோவுக்கு வரலாம். பை முதுகில் ஆடக் கூடாது; ஆடினால் தோள் தோல் உரியும். அடிப்படைப் பயிற்சியின் கடைசியில் 24 கிலோமீட்டர் நடை காத்திருக்கிறது.

பேச்சு, சாப்பாடு, வீட்டு வேலை

பயிற்சி ஆங்கிலத்தில். அணிவகுப்பு ஆணைகள் மலாயில். ஒரு டஜன் சொல் தெரிந்தால் போதும்: செடியா என்றால் விறைத்து நில், செனாங் டிரி என்றால் தளர்ந்து நில், செப்பாட் ஜாலான் என்றால் நட, பெர்ஹெந்தி என்றால் நில், கெலுவார் பாரிஸ் என்றால் கலைந்து போ. கிரி இடது, கானான் வலது. "கிரி!" என்று கத்தும்போது எந்தக் கிரியைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். அதிகாரியை 'சார்' என்றும், வாரன்ட் அதிகாரியை 'என்சிக்' என்றும், சார்ஜென்ட்டை 'சார்ஜென்ட்' என்றும் அழைக்க வேண்டும். 'அண்ணே' வேண்டாம். சக வீரர்கள் பேசும் சிங்லிஷ் முதலில் புரியாது. ஒரு மாதம் முன்பே போய் உறவினர் வீட்டுப் பையன்களோடு பழகினால் காது பழகிவிடும்.

சைவச் சாப்பாடும் ஹலால் சாப்பாடும் உண்டு. தன் உணவு என்ன என்பதை முன்பே சரியாகப் பதிந்துவிட வேண்டும். காட்டில் கொடுக்கும் பொட்டலச் சாப்பாடும் அதன்படிதான் வரும்.

துணி துவைக்க, இஸ்திரி போட, படுக்கையை மடிப்பில்லாமல் விரிக்க, கழிவறை கழுவ ஊரிலேயே கற்றுக்கொடுங்கள். அப்பாயி செல்லத்தில் தட்டைக்கூடக் கழுவாத பையனுக்கு ஓட்டத்தைவிட இது கஷ்டமாகத் தெரியும்.

சேரும் நாள்

தரைப்படை அடிப்படைப் பயிற்சி தெக்கோங் தீவில். சாங்கியிலிருந்து படகில் போக வேண்டும். பெற்றோரும் கூடப் போகலாம். இடத்தைச் சுற்றிக் காட்டி, உறுதிமொழி எடுத்த பிறகு அவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். தாத்தா பாட்டியை அழைத்துப் போக ஆசை இருந்தால், எத்தனை பேர் வரலாம் என்பது கடிதத்தில் இருக்கும், பார்த்துக்கொண்டு விசா போடுங்கள். தலைமுடி அன்றே போய்விடும். சங்கிலி, மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். மாதப் படி வந்து விழ அவன் பெயரில் அங்கே வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் வெளியே விடமாட்டார்கள். பேசவும் இரவில் கொஞ்ச நேரம்தான். அந்த நாட்களில் போன் வரவில்லை என்று முகாமுக்கு அழைக்காதீர்கள்.

சேவை முடிந்து மேற்படிப்புக்கு ஊர் திரும்புகிறவன் நீண்ட காலம் தங்குவதாக இருந்தால், கிளம்புமுன் எக்ஸிட் பர்மிட்டை மறுபடி பார்க்க வேண்டும். 40 வயது வரை அவன் பெயர் பட்டியலில் இருக்கிறது.